இருபத்து நான்கு பாக்கியத்தாய்கள்

சாத்தூர் வட்டாரச் சத்துணவு ஊழியர் சங்கத்தில் பதினேழு ஆண்டுகள் செயலாளராக இருந்து ஓய்வுபெற்ற பாக்கியத்தாய்க்குச் சினைப்பைப் புற்றுநோய் மூன்றாவது முறையாகத் திரும்பி வந்தது. செய்தியைச் சொன்ன டாக்டர் மெஹருன்னிசாவிடம் அவர் முதலில் கேட்டது, இதற்கு முன்னறிவிப்பு எதுவும் கிடையாதா என்பதைத்தான். மாவட்ட ஆட்சியர்கூடப் பதினைந்து நாள் நோட்டீஸ் கொடுக்காமல் தன்னை எதுவும் செய்ததில்லை என்றார்.

நான் அந்த அறையின் மூலையில் உட்கார்ந்திருந்தேன். பெயர் குருபாதம். மதுரையில், வைகையின் வடகரையில் இருந்த அந்த ஆய்வு மையத்தில் எனக்குக் கேட்பாளர் என்று ஒரு பதவி. நோயாளிகளின் நகல்கள் பேசுவதைக் கேட்டு எழுதிக்கொள்வது வேலை. 2043-ல் அப்படியொரு வேலை இருந்தது.

டாக்டர் விஷயத்தை விளக்கினார்.

“முன்ன கொடுத்த மருந்து உங்க கட்டிக்குப் பழகிப்போச்சும்மா. தனியா ஒரு மருந்து இனிமே கேக்காது. ரெண்டு மூணு சேத்துத்தான் கொடுக்கணும். ஒண்ணு கட்டிக்கு ரத்தம் போற வழிய அடைக்கும். ஒண்ணு, அடிபட்ட செல் தன்னைச் சரிபண்ணிக்க விடாது. இன்னொண்ணு உங்க எதிர்ப்புச் சக்திய உசுப்பிவிடும். எதை எதோட சேக்கறது, எதை முன்னால கொடுக்கறதுங்கறதுதான் சிக்கல்.”

“புளிய முன்னாடி ஊத்திட்டா காய் வேகாது. அந்தக் கதையா?”

“அதே கதைதான்.”

“எத்தன விதமாச் சமைக்கலாம்?”

“எங்க கணக்குப்படி இருபத்து நாலு விதம்.”

“எனக்கு ஒரு வயிறுதான டாக்டரம்மா இருக்கு” என்றார் பாக்கியத்தாய்.

அதற்காகத்தான் நகல்கள். ஒருவருடைய மரபணு, ரத்தப் பரிசோதனைகள், ஸ்கேன்கள், கட்டியிலிருந்து வெட்டியெடுத்த துணுக்கு எல்லாவற்றையும் கணினிக்குக் கொடுத்தால், அவர் உடம்பைப் போலவே நடந்துகொள்ளும் ஓர் உடம்பை அது தனக்குள் செய்துவிடும். வெளியே ஒரு நாள் ஆனால் உள்ளே ஒரு மாதம் ஓடும். இருபத்து நான்கு நகல்களுக்கு ஆளுக்கொரு கூட்டு மருந்தைக் கொடுத்துவிட்டு இருபத்து நான்கு நாள் காத்திருந்தால், இரண்டு ஆண்டுகளில் எது எப்படிப் போகும் என்று தெரிந்துவிடும்.

தொடக்க கால நகல்கள் பேசவில்லை. எண்களை மட்டும் கொடுத்தன. அந்த எண்களை நம்பிக் கொடுத்த மருந்துகளை நிஜ நோயாளிகள் மூன்றாம் வாரமே வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். கணினி ‘குமட்டல், இரண்டாம் நிலை’ என்று சொன்ன இடத்தில், பேரப்பிள்ளையின் தலையை முகர்ந்தால்கூடக் குமட்டுகிறது என்று நோயாளி சொன்னார். ஆகவே நகல்களுக்கு வாயும் ஞாபகமும் கொடுத்தார்கள். கேட்பதற்கு எங்களை வேலைக்கு எடுத்தார்கள். நகலைக் குறிப்பிடும்போது ‘அது’ என்றே எழுத வேண்டும் என்று கையேட்டில் தடித்த எழுத்தில் போட்டிருந்தது.

ஞாபகத்தைச் சேகரிக்க நோயாளி சில நாட்கள் பேச வேண்டும். வழக்கமாக நாங்கள் கேள்வி கேட்டுக் கேட்டு வாயைப் பிடுங்குவோம். பாக்கியத்தாய்க்கு அது தேவைப்படவில்லை. ஒன்பது நாள் பேசினார். முட்டையின் எடை குறைந்ததற்காக நடந்த மறியல், பருப்பில் கல் கிடந்ததற்காக ஒன்றிய அலுவலகத்தின் முன்னால் கல்லையே சமைத்துக் காட்டிய போராட்டம், விருதுநகரில் மண்டபத்தில் அடைத்துவைத்த இரவில் காவலர்களுக்கும் சேர்த்து உப்புமா கிண்டியது என்று போய்க்கொண்டே இருந்தது. பதிவு செய்தவர்கள் முறைவைத்து மாறிக்கொண்டார்கள்.

நகல் சரியாக வந்திருக்கிறதா என்று பார்ப்பது கூட வாழ்கிறவரின் வேலை. பாக்கியத்தாயின் கணவர் சீனிராஜ், மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வுபெற்றவர். அதிகம் பேசமாட்டார். முதல் நகலோடு தொலைபேசியில் ஐந்து நிமிடம் பேசிவிட்டு வெளியே வந்தார்.

“நல்ல பொம்பளையாத்தான் தெரியுது” என்றார். “ஆனா இது அவ இல்ல. நான் பேசும்போது குறுக்க பேசாமக் கேக்குது.”

பொறியாளர்கள் இரண்டு நாள் உட்கார்ந்து சரிசெய்தார்கள். அடுத்த முறை அவர் நாற்பது நிமிடம் கழித்து வெளியே வந்தார். காது சிவந்திருந்தது. தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, எங்கே கையெழுத்து என்று கேட்டார்.

சம்மதப் படிவம் முப்பத்தொரு பக்கம். அதை முழுதாகப் படித்த முதல் நோயாளி பாக்கியத்தாய்தான். மூன்று எழுத்துப்பிழைகளைத் திருத்திய பிறகு டாக்டரிடம் ஒரே ஒரு சந்தேகம் கேட்டார். நகல்களுக்கு வலிக்குமா?

“வலிக்குதுன்னு சொல்லும்மா. ஆனா வலிக்கறதுக்கு அங்க ஆள் கிடையாது.”

“எங்களப் பத்தி ஆபீசர்மாரும் அப்படித்தான் சொல்லிக்கிட்டு இருந்தாக” என்றார் பாக்கியத்தாய்.

ஆனாலும் கையெழுத்துப் போட்டார். வேறு வழி இருக்கவில்லை. வயிற்றில் நீர் கோத்துக்கொண்டிருந்தது. ஐந்து வாரத்துக்குள் ஏதாவதொரு மருந்தை ஆரம்பித்தாக வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

சோதனை தொடங்கிய அன்றே எனக்குத் தர்மசங்கடம் வந்துவிட்டது. நகலின் ஞாபகம், நிஜ பாக்கியத்தாய் கையெழுத்துப் போட்ட நிமிடத்தோடு நின்றுவிடுகிறது. அதனால் ஒவ்வொரு நகலும் தன்னை நிஜ பாக்கியத்தாய் என்றே நினைத்துக்கொண்டிருந்தது. அவர்களைச் சுற்றிச் சாத்தூர் வீட்டையும் தெருவையும் கணவரையும்கூடக் கணினியே செய்து வைத்திருந்தது. சோதனை ஒரு பக்கம் நடக்கட்டும், உங்களுக்கும் ஒரு மருந்தை ஆரம்பித்துவிட்டோம் என்று சொல்லும்படி எங்களுக்கு உத்தரவு. நாளுக்கு நான்கு முறை ஒவ்வொரு நகலோடும் பேசுவேன். நான் உடம்பைப் பற்றிக் கேட்டால், அவர்கள் நகல்களைப் பற்றிக் கேட்பார்கள்.

“அவளுக எப்படிய்யா இருக்காளுக? ரொம்ப முடியலைன்னா நிறுத்திரு தம்பி. எனக்காகக் கெடந்து சாக வேணாம்.”

ஒரே குரலில், ஒரே வாக்கியத்தை, இருபத்து நான்கு பேரிடமிருந்தும் கேட்டேன். இருபத்து நான்கு முறையும், எல்லோரும் நன்றாக இருக்கிறார்கள் என்று பதில் சொன்னேன்.

நான்காம் நாள், அதாவது அவர்கள் கணக்கில் மூன்று மாதம் முடிந்து, பதினாறாம் நகல் என்னை மடக்கியது. நாக்கில் இரும்புச் சுவை இருக்கிறதா என்று நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

“அத விடு. எங்க வீட்டுக்காரரு நாற்காலியில உக்காந்து பேப்பர் படிக்காக. மூணு மாசமா ஒரே பக்கத்தையே படிக்காக. ஒரு தடவகூட எங்கிட்ட காப்பி கேக்கல. ஒண்ணு அவுகளுக்கு என்னமோ ஆயிருக்கணும். இல்ல, எனக்கு. தம்பி, நான் நகலா?”

இதற்குக் கையேட்டில் பதில் இல்லை. நான் பக்கங்களைப் புரட்டினேன். தாள் புரளும் சத்தத்திலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது.

அன்று சாயங்காலத்துக்குள் மற்றவர்களும் கண்டுபிடித்துவிட்டார்கள். எல்லாம் ஒரே மூளைதானே. சிலருக்குப் பேப்பர் காட்டிக்கொடுத்தது. ஒன்பதாம் நகலுக்குத் தெருக்குழாய். சாத்தூரில் மூன்று மாதமாகத் தினமும் காலை ஆறு மணிக்குத் தவறாமல் தண்ணீர் வருகிறது என்றால் இது நிஜ உலகமாக இருக்க முடியாது என்று அவர் முடிவுக்கு வந்திருந்தார்.

மறுநாள் காலையில் முதல் நகலைக் கூப்பிட்டு உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டேன். “நல்லா இருக்கேன்” என்றது. வாந்தி? நல்லா இருக்கேன். தூக்கம்? நல்லா இருக்கேன். இரண்டாம் நகலும் அதையேதான் சொன்னது. மூன்றாவதும். அன்று தொண்ணூற்றாறு அழைப்பு. தொண்ணூற்றாறிலும் அந்த ஒரே பதில். ஒருவரோடு ஒருவர் பேச வழியே இல்லாத இருபத்து நான்கு பேர், சொல்லிவைக்காமல் வேலைநிறுத்தத்தில் இறங்கியிருந்தார்கள். பாக்கியத்தாயின் பதினேழு ஆண்டுச் சங்க வாழ்க்கையில் இப்படியொரு ஒற்றுமை அவருக்கு வாய்த்ததில்லை.

கணினிக்கு இதெல்லாம் புரியவில்லை. பக்கவிளைவே இல்லாத இருபத்து நான்கு கூட்டு மருந்துகள் ஒரே நாளில் கண்டுபிடிக்கப்பட்டதாக அறிக்கை தயாரித்துத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பியது. அங்கிருந்து வாழ்த்துக் கடிதம் வந்தது.

இரண்டாம் நாளும் அதே கதை. மூன்றாம் நாள் மையத்தின் நெறிமுறைக் குழு கூடி, ஆளே இல்லாதவர்கள் செய்வது வேலைநிறுத்தமாகுமா என்று மூன்று மணி நேரம் விவாதித்தது. ஆகாது என்று முடிவெடுத்து, ‘கருவி ஒத்துழைக்கவில்லை’ என்று பதிவேட்டில் எழுதிவிட்டுக் கலைந்தது. டாக்டர் மெஹருன்னிசா என்னைக் கூப்பிட்டார். எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்க நேரமில்லை, வார்டில் படுத்திருக்கிற அம்மாவின் வயிறு காத்திருக்காது என்றார். வேறு என்ன செய்யலாம் என்று கேட்டார். பேச்சுவார்த்தை நடத்தலாம் என்றேன்.

நிஜ பாக்கியத்தாயைச் சக்கர நாற்காலியில் அழைத்து வந்தோம். வயிற்றிலிருந்து முந்தின நாள்தான் நீர் எடுத்திருந்தார்கள். களைத்திருந்தார். நடந்ததைச் சொன்னதும் முகம் தெளிந்துவிட்டது.

மேசைக்கு இந்தப் பக்கம் டாக்டர், நான், சீனிராஜ். எதிர்ப்பக்கம் ஒரு ஒலிபெருக்கி. பாக்கியத்தாயை எங்கள் வரிசையில் நிறுத்தியிருந்தார்கள். அவர் ஒரு கணம் சுற்றிப் பார்த்துவிட்டு, தான் அதிகாரிகள் பக்கம் இருப்பதைக் கவனித்து, நாற்காலியைத் தள்ளி இரண்டு பக்கத்துக்கும் நடுவே மேசையின் ஓரத்தில் போடச் சொன்னார்.

“யாருடி பேசுறது?”

“பதினாறு.”

“கோரிக்கை என்ன?”

“நீயே சொல்லு பாப்போம்” என்றது ஒலிபெருக்கி.

பாக்கியத்தாய் விரலை மடக்கிச் சொல்ல ஆரம்பித்தார். ஒன்று, நகல்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ள ஒரு லைன் வேண்டும். ஒலிபெருக்கி ‘ம்’ என்றது. இரண்டு, ஒரு மருந்து வேலைசெய்யவில்லை என்று தெரிந்துவிட்டால் அன்றைக்கே அந்த நகலை நிறுத்திவிட வேண்டும், வரைபடத்தை முடிப்பதற்காக ஆளைக் கடைசிவரை இழுத்தடிக்கக் கூடாது. ‘ம்.’ மூன்று, அவுகளோடு தினமும் பத்து நிமிசம். பேப்பர் படிக்கிற பொம்மை வேண்டாம், அசல் ஆள் வேண்டும். ‘ம்.’ நான்கு, குழாயில் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள் வந்தால் போதும், அப்போதுதான் ஊரில் இருக்கிற மாதிரி இருக்கும். ‘ம்.’

இரண்டாவது கோரிக்கைக்கு டாக்டர் ஒப்பவில்லை. முடிவுவரை போகாவிட்டால் கணக்கு நிற்காது என்றார். கணக்கு நிற்க வேண்டுமா, ஆள் நிற்க வேண்டுமா என்று இரண்டு பக்கமிருந்தும் ஒரே நேரத்தில் ஒரே குரல் கேட்டது. டாக்டர் ஒப்புக்கொண்டார்.

“அஞ்சாவது இருக்கு” என்றது ஒலிபெருக்கி.

பாக்கியத்தாய் யோசித்தார். தெரியவில்லை என்றார்.

“கடைசில எந்த மருந்து தேறுதோ, அத நீ எடுக்கணும். சோதனை முடியட்டும், பிறகு போதும்னு சொல்லிட்டு வீட்டுக்குப் போயிரலாம்னு மனசுல வச்சிருக்கேல்ல. அது நடக்காது. நாங்க இத்தன பேரு இங்க மருந்தத் தின்னுக்கிட்டு இருக்கோம்.”

அதை அவர் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. சீனிராஜ் மனைவியையே பார்த்துக்கொண்டிருந்தார். பாக்கியத்தாய் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஒப்பந்தத்தில் எங்கே கையெழுத்து என்று கேட்டார்.

லைன் திறந்துவிட்டதும் முதல் வேலையாகச் சங்கம் தொடங்கினார்கள். செயலாளர் பதவிக்கு இருபத்து நான்கு பேர் போட்டியிட்டார்கள். ஆளுக்கொரு ஓட்டு விழுந்தது. மறு தேர்தலிலும் ஆளுக்கொரு ஓட்டு. கடைசியில் மாதத்துக்கு ஒருவர் என்று சுழற்சிமுறைக்கு ஒத்துக்கொண்டார்கள். இனிமேல் தங்களை நகல் என்று சொல்லக் கூடாது, உறுப்பினர் என்று சொல்ல வேண்டும் என்று முதல் தீர்மானம். நான் கையேட்டை எடுத்து இழுப்பறையில் போட்டுவிட்டேன்.

புகார்கள் மறுபடியும் வெள்ளமாக வந்தன. கணினி அவற்றை எண்ணி ஒவ்வொரு மருந்துக்கும் மதிப்பெண் போட்டது. புகார் குறைந்தால் மதிப்பெண் கூடும். ஐந்து கூட்டு மருந்துகள் கட்டியை ஒன்றுமே செய்யவில்லை. அந்த ஐந்து பேரையும் ஒப்பந்தப்படி நிறுத்தினோம். ஒவ்வொருவருக்கும் இரங்கல் தீர்மானம் போட்டார்கள். தீர்மானத்தை வார்டில் இருந்த பாக்கியத்தாய்க்கு நான் வாசித்துக் காட்ட வேண்டும். எழுத்துப்பிழை இருந்தால் திருத்துவார்.

சீனிராஜின் பாடுதான் திண்டாட்டம். காலை ஒன்பது மணிக்கு வந்து ஒலிவாங்கியின் முன்னால் உட்கார்ந்தால் மதியம் வரை மனைவி, பிறகு மனைவி, அதற்குப் பிறகும் மனைவி. ஒருத்தியிடம் சொன்னதை இன்னொருத்தியிடம் சொன்னதாக நினைத்து மாட்டிக்கொள்வார். எட்டாம் நம்பரிடம் பேசியபோது பத்து நிமிடத்துக்கு ஒன்பது நிமிடம்தான் கொடுத்தார் என்று சங்கத்தில் புகார் பதிவானது. நாற்பது வருடத்தில் பேசியதைவிட இந்த இரண்டு வாரத்தில் அதிகம் பேசிவிட்டதாக என்னிடம் சொன்னார். குறைபட்டுக்கொள்கிற குரலில் அவர் அதைச் சொல்லவில்லை.

பதினேழாம் நாள் முடிவு ஏறக்குறையத் தெரிந்துவிட்டது. நான்காம் நம்பரின் கூட்டு மருந்து எல்லாவற்றையும் முந்திக்கொண்டு போனது. கட்டி வேகமாகச் சுருங்கியது. புகாரும் மிகக் குறைவு. வாந்தி கொஞ்சம், பரவாயில்லை. களைப்பு கொஞ்சம், அதுவும் பரவாயில்லை. ரத்த எண்கள் எல்லைக்குள் இருந்தன. பத்தொன்பதாம் நம்பருக்கும் கட்டி சுருங்கியிருந்தது, ஆனால் அவர் வாயைத் திறந்தால் புகார்தான். வாய்ப்புண், மலச்சிக்கல், தலைமுடி, பக்கத்து வீட்டு மிக்ஸி, என் உச்சரிப்பு. கணினி அவருக்குப் பதினேழாம் இடம் கொடுத்திருந்தது. நாலாம் நம்பர் மருந்தையே அம்மாவுக்குக் கொடுக்கலாம் என்று டாக்டர் குறிப்பு எழுதத் தொடங்கினார்.

அன்று மதியம் சீனிராஜ் பேசி முடித்துவிட்டு டாக்டரின் அறைக்கு வந்து வாசலில் நின்றார். உள்ளே வரச் சொன்னோம். உட்காரவில்லை.

“டாக்டரம்மா, அந்த நாலாம் நம்பர யாராவது உடனே போய்ப் பாருங்க.”

“அவங்கதான் அய்யா எல்லாரையும்விட நல்லா இருக்காங்க.”

“இல்லம்மா. நாலு நாளா எங்கிட்ட மரியாதையாப் பேசுதா. சாப்பிட்டீகளா, வெயில்ல அலையாதீகன்னு. இன்னைக்கு நான் எட்டு நிமிசத்துல எந்திரிச்சேன், ஒண்ணும் சொல்லல. மொத ஆபரேசன் நடந்தப்ப வயித்துல தையல் விட்டுப்போயி மூணு நாள் இப்படித்தான் இருந்தா. வலி இல்லாட்டித்தான் அவ கத்துவா.” துண்டை எடுத்து மடித்தார், பிரித்தார். “அந்தப் பத்தொம்போது நம்பரு இருக்கால்ல, எங்கம்மா செத்து முப்பது வருசம் ஆச்சு, அவளையும் சேத்துத் திட்டுதா. அவ நல்லா இருக்கா.”

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் நாலாம் நம்பரைக் கூப்பிட்டேன். எழுந்து நடமாடுகிறாரா என்று கேட்டேன். நடமாடுகிறேன் என்றார். இப்போது எழுந்து ஜன்னல் பக்கம் போய், வெளியே என்ன தெரிகிறது என்று சொல்லுங்கள் என்றேன். பதில் வரவில்லை. டாக்டர் என் கையிலிருந்து ஒலிவாங்கியை வாங்கினார்.

“அம்மா, நான் மெஹருன்னிசா. கடைசியா எப்ப எந்திரிச்சு நின்னீங்க?”

“ரெண்டு மாசம் ஆச்சு” என்றது குரல். “காலு தரையில படுறது தெரியல. கையும் அப்படித்தான். படுத்தா மூச்சு வாங்குது. சொன்னா நிறுத்திருவீகல்ல. கட்டி சுருங்குதுன்னு தம்பி சொல்லுச்சு. அவளுக்கு ஆகும்லன்னு பேசாம இருந்தேன்.”

டாக்டர் மெஹருன்னிசா ஒலிவாங்கியை மேசையில் வைத்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு மீண்டும் எடுத்து, மன்னிச்சிருங்கம்மா என்றார். வலிப்பதற்கு அங்கே ஆள் கிடையாது என்று சொன்னவரும் அவர்தான். அதை நான் அவருக்கு ஞாபகப்படுத்தவில்லை.

வார்டுக்குப் போய் நிஜ பாக்கியத்தாயிடம் சொன்னேன். ஒன்பது நாள் விடாமல் பேசிய மனுஷி, சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். “கிறுக்கி” என்றார். “உடனே நிறுத்து. அவுகளப் பேசச் சொல்லிட்டு நிறுத்து.”

சீனிராஜ் ஒலிவாங்கியின் முன்னால் உட்கார்ந்தார். “ஒரு காப்பி போடு” என்றார்.

“இப்பத்தான குடிச்சீக?” என்றார் நாலாம் நம்பர். பழைய குரல். “உங்களுக்கு வேற வேலையே இல்லையா?”

டாக்டர் தலையசைத்தார். நான் நிறுத்தினேன்.

அதற்குப் பிறகு எல்லாப் பதிவுகளையும் டாக்டர் மறுபடி போட்டுக் கேட்டார். பக்கத்தில் சீனிராஜை உட்காரவைத்து, எந்தத் திட்டு ஆரோக்கியமான திட்டு, எது சும்மா பேச்சுக்குத் திட்டியது என்று தரம் பிரிக்கச் சொன்னார். லைன்மேன் கம்பியைத் தொட்டுப் பார்க்காமலே கரண்ட் இருக்கிறதா என்று சொல்வதுபோல் அவர் பிரித்துக் கொடுத்தார். கணினியின் வரிசை ஏறக்குறையத் தலைகீழாக மாறியது. பத்தொன்பதாம் நம்பர் முதலிடத்துக்கு வந்தார். அவரிடம் கட்டி இருபத்தொரு மாதம் வரை அடங்கிக் கிடந்தது. அதற்கு அப்புறம் மெல்லத் தலைதூக்கியது. அதையும் மறைக்காமல் பாக்கியத்தாயிடம் டாக்டர் சொன்னார். இருபத்தொன்றுதானா என்று கேட்கவில்லை அவர். ஒப்பந்தத்தின் ஐந்தாவது கோரிக்கைப்படி மறுநாளே மருந்தை ஏற்றிக்கொண்டார். வாய்ப்புண் வந்தது, முடி கொட்டியது, பக்கத்துக் கட்டில்காரரின் குறட்டையைப் பற்றி எழுத்துமூலம் புகார் கொடுத்தார். நாங்கள் நிம்மதியாக இருந்தோம்.

இருபத்து நான்காம் நாள், மருந்து கேட்காதவர்களை ஒப்பந்தப்படி நிறுத்தியது போக, ஒன்பது உறுப்பினர்கள் மிஞ்சியிருந்தார்கள். சோதனை முடிந்தால் நகல்களை அழித்துவிட வேண்டும் என்பது சட்டம். எப்படிச் சொல்வது என்று நான் தயங்கியபோது அவர்களே சொல்லிவிட்டார்கள். பணிக்காலம் முடிந்தது, அதில் வருத்தம் இல்லை, ஆனால் பணிநிறைவு விழா நடத்தாமல் அனுப்பக் கூடாது.

நடத்தினோம். டாக்டரின் அறையில் லட்டும் மிக்சரும் வைத்தோம். ஒன்பது பேருக்கும் தனித்தனியாகப் பொன்னாடை வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். சீனிராஜ் ஒன்பது பொன்னாடைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கணினியின் திரைமீது போர்த்தினார். டாக்டர் ஒன்பது வாழ்த்துரை வழங்கினார். ஏழாவது உரையில் ஏற்கெனவே சொன்னதையே சொல்கிறார் என்று ஆட்சேபம் எழுந்தது. ஏற்புரையில் பத்தொன்பதாம் நம்பர், இந்த மையத்தில் நோயாளியின் கூட இருப்பவரைக் கேட்காமல் இனி எந்த மருந்தையும் முடிவு செய்யக் கூடாது என்று கோரிக்கை வைத்துவிட்டு, நன்றி வணக்கம் என்றார். சக்கர நாற்காலியில் இருந்த பாக்கியத்தாய் மட்டும் கைதட்டவில்லை. நான் சுவிட்சை அணைக்கும்வரை அந்தத் திரையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டே இருந்தார். பொன்னாடைகள் ஒன்பதையும் ஒரே நிறத்தில் எடுத்து வந்ததற்காகச் சீனிராஜுக்கு அன்று வார்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் திட்டு விழுந்தது.

அந்தக் கோரிக்கையை டாக்டர் நிறைவேற்றினார். சம்மதப் படிவத்தில் முப்பத்திரண்டாம் பக்கம் ஒன்று சேர்ந்தது. நோயாளியோடு பத்து ஆண்டுகளாவது கூடவே வாழ்ந்தவர், அவர் சொல்லாமலே அவர் நிலையை அறியக்கூடியவர் ஒருவரின் பெயரை அதில் எழுத வேண்டும். பெயர் இல்லாமல் சோதனை தொடங்காது.

எட்டு மாதம் கழித்து, திண்டுக்கல்லிலிருந்து ஜெயசீலி என்று ஒருவர் வந்தார். கல்லூரி நூலகர். ஐம்பது வயது இருக்கும். அவருக்கும் நோய் திரும்பி வந்திருந்தது. படிவத்தை எல்லா இடத்திலும் அழகான கையெழுத்தில் நிரப்பி, கடைசிப் பக்கத்தை மட்டும் காலியாக விட்டிருந்தார். பெற்றோர் இல்லை. திருமணம் ஆகவில்லை. பத்து ஆண்டுகளாகத் தன்னோடு வாழ்ந்தது நூலகத்தின் அட்டவணைதான் என்று மெல்லிய குரலில் சொன்னார். விதி எங்களுடையது. அதை மாற்ற நெறிமுறைக் குழு கூட வேண்டும். குழு கூடி, தலைமை அலுவலகம் ஒப்புதல் தர ஆறு வாரம் ஆகும். ஜெயசீலியிடம் ஆறு வாரம் இல்லை.

அன்று பாக்கியத்தாய் பரிசோதனைக்கு வந்திருந்தார். தலையில் முடி மறுபடி முளைத்து, முள்ளம்பன்றி மாதிரி நின்றது. அடுத்த நாற்காலியில் உட்கார்ந்து ஜெயசீலியின் படிவத்தை ஏற்கெனவே படித்து முடித்திருந்தார்.

“அந்த எடத்துல என் பேரப் போடு தம்பி” என்றார்.

பத்து ஆண்டுப் பழக்கம் வேண்டும் என்று விதியை எடுத்துச் சொன்னேன்.

“பத்து வருசம் எங்கிட்ட இல்லய்யா. பதிமூணு மாசம் இருக்குன்னு உன் மெஷினே சொல்லிருச்சு. அதுக்குள்ள இந்தப் பிள்ளையக் கத்துக்கிட்டாப் போச்சு.”

ஜெயசீலி பதறிப்போனார். யாருக்கும் தொந்தரவாக இருக்க விரும்பவில்லை என்றார். பாக்கியத்தாய் அதைக் காதில் வாங்கவில்லை. சீனிராஜைத் தேநீர் வாங்கி வர அனுப்பிவிட்டு, நாற்காலியை ஜெயசீலிக்கு எதிரே இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். டாக்டர் பேனாவை எடுத்தார். என்ன செய்யப்போகிறார் என்று பார்த்தேன். முப்பத்திரண்டாம் பக்கத்தில் பாக்கியத்தாயின் பெயரை எழுதிவிட்டு, வருடம் என்ற கட்டத்தில் ஒரு கோடு போட்டார்.

“கோவம் வந்தா என்ன செய்வ?” என்று கேட்டார் பாக்கியத்தாய்.

ஜெயசீலி யோசித்தார். “பேசாம இருப்பேன்.”

“சந்தோசம் வந்தா?”

இதற்கு அவர் இன்னும் அதிகம் யோசிக்க வேண்டியிருந்தது. “அப்பவும் பேசாமத்தான் இருப்பேன்.”

பாக்கியத்தாய் என் பக்கம் திரும்பினார்.

“இது கொஞ்சம் கஷ்டமான கேசு. ஒரு நோட்டு குடு.”

கொடுத்தேன். அப்போது ஜெயசீலியிடமிருந்து சின்னதாக ஒரு சத்தம் வந்தது. சிரித்தாரா, இருமினாரா என்று எனக்குத் தெரியவில்லை. பாக்கியத்தாய் அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, நோட்டைத் திறந்து முதல் பக்கத்தில் என்னவோ எழுதிக்கொண்டார்.